வீட்டில் மிஞ்சிய விஷ வஸ்துக்களை அப்புறப்படுத்தும் முறை

குடியானவர் ஒரு பொருளை வாங்கும்பொழுது விலையை விசாரிக்கிறார், தரத்தைப் பார்க்கிறார், செலவைக் கணக்கில் எழுதிக்கொள்கிறார். அப்பொருளை உபயோகித்த பிறகு அடியில் தங்கும் மிச்சத்தையும், வெறும் புட்டியையும் எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நெல், வைக்கோல், பிண்ணாக்கு முதலியவற்றில் இந்த அசிரத்தையால் பெரிய கெடுதல் ஒன்றும் நேராது. பூச்சிமருந்து, எலிப்பாஷாணம், அமிலம், பழைய பாட்டரி முதலியவற்றிலோ விஷயம் வேறு. இவற்றால் நேரும் விபத்துகள் பலவும், உபயோகிக்கும் வேளையில் அன்றி, உபயோகித்து மறந்துவிட்ட பிறகே நேருகின்றன. ஆகையால், இவ்வஸ்துக்களை வாங்கத் தெரிந்தவர்கள் அவற்றை ஒழிக்கவும் தெரிந்திருக்கவேண்டும்.

காரைக்கால் பிரதேசத்தைச் சேர்ந்த சுரக்குடி போன்ற கிராமங்களுக்கு இது மிகவும் முக்கியமான விஷயம். இப்பிரதேசம் காவிரிப் பாசனத்தின் கடைமடையில் உள்ளது. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராஜனாறு முதலிய கிளைகள் இதன் வழியாகவே கடலை நோக்கிச் செல்லுகின்றன. மேல்மடையில் ஒருவர் வாய்க்காலில் கொட்டியது கீழ்மடையில் மற்றொருவர் வயலுக்கும் குளத்துக்கும் வந்து சேருகிறது. கடைமடைக்குக் கீழே கடலும், மீன்பிடித்துப் பிழைப்போரின் குப்பங்களுமே இருக்கின்றன. நிலமோ தாழ்ந்த நிலம். தோண்டினால் வெகு சீக்கிரத்தில் நீர் காணும். இத்தகைய இடத்தில், "தண்ணீரில் விட்டால் போய்விடும்", "மண்ணில் புதைத்தால் மறைந்துவிடும்" என்று எண்ணுவது பெரும் தவறு. எதுவும் போய்விடுவதில்லை; இடம்தான் மாறுகிறது.

மருந்து என்னும் பெயர்

வயலில் தெளிக்கும் விஷத்தை மருந்து என்றே ஜனங்கள் வழங்குகிறார்கள். காய்ச்சலுக்கு உண்பதும் மருந்து. புகையானுக்கு அடிப்பதும் மருந்து. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே மாடத்தில் இடம்பெற்றுவிடுகின்றன. புட்டியின் மீது ஒட்டப்பட்ட சீட்டைப் பார்த்தால் உண்மை விளங்கும். 1971-ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, ஒவ்வொரு புட்டியின் சீட்டிலும் சாய்சதுரமாக ஓர் அடையாளம் போடப்படுகிறது. அதன் கீழ்ப்பாதி சிவப்பாக இருந்தால் மிகக் கொடிய விஷம்; மஞ்சள் அதற்கு அடுத்தது; நீலம் மத்தியமான விஷம்; பச்சை குறைந்த விஷம். சிவப்புச் சீட்டில் மண்டையோட்டுச் சின்னமும் இருக்கும். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் இந்த நிறங்களை அறிந்துகொள்ளலாம். பச்சை நிறமானாலும் அது உணவுப்பொருள் அல்ல என்பதை மறக்கலாகாது.

பூச்சிமருந்து மாத்திரமே இவ்வகையைச் சேர்ந்தது என்று கருதக்கூடாது. தானியத்தில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, எலிப்பசை, கக்கூஸ் கழுவும் அமிலம், பிளீச்சிங் பவுடர், மண்ணெண்ணெய், மிஞ்சிய பெயிண்டு, அதைக் கரைக்கும் தின்னர், இயந்திரத்தின் கழிவு எண்ணெய், பழைய பாட்டரி, குழல்விளக்கு, பாதரசம் அடங்கிய ஜ்வரமானி, காலாவதியான மாத்திரைகள், ஊசிகள் ஆகியவையும் இதே கணக்கில் சேர்ந்தவை.

இரண்டு துயர சம்பவங்கள்

1958-ஆம் வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் சென்னை ராஜ்யத்திலும், விஷம் கலந்த ஆகாரத்தை உண்டு ஜனங்கள் மாண்டார்கள். கேரளத்தில் மாத்திரம் நூறு பேருக்கு மேல் இறந்தனர். கோதுமை மாவு வந்த கப்பலிலேயே பாரத்தியான் என்னும் பூச்சிமருந்தும் ஏற்றப்பட்டிருந்தது. அது கசிந்து மாவில் கலந்துவிட்டது. மாவை வாங்கியவர்களுக்கும் பூச்சிமருந்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இந்தச் சம்பவத்தின் பேரில் நடந்த விசாரணையே பின்னர் 1968-ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறப்பதற்குக் காரணமாயிற்று.

இரண்டாவது சம்பவம் பீகார் ராஜ்யத்துச் சாரண் ஜில்லாவில், தர்மசதி கண்டாமன் என்னும் கிராமத்தின் ஆரம்பப் பாடசாலையில் நடந்தது. 2013-ஆம் வருஷம் ஜூலை 16-ஆம் தேதி, அங்கே மத்தியான உணவு உண்ட குழந்தைகளில் 23 பேர் இறந்தார்கள். பரிசோதனையில், சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து இருந்தது தெரியவந்தது. அந்த எண்ணெய் முன்பு பூச்சிமருந்து இருந்த கலனில் வைக்கப்பட்டிருந்தது என்பதே விசாரணையில் வெளிப்பட்ட காரணம். எவரும் விஷத்தை உணவில் சேர்க்க நினைக்கவில்லை. விஷத்துக்குப் பயன்பட்ட கலன் உணவுக்கும் பயன்பட்டது, அவ்வளவே.

நல்ல மூடியும் கெட்டியான உடலும் உள்ள பிளாஸ்டிக் புட்டியை எறிய எந்தக் குடும்பத்துக்கும் மனம் வராது. சிக்கனம் நல்ல குணமே. ஆனால் பூச்சிமருந்துப் புட்டியில் எண்ணெய், குடிநீர், விதை, மாட்டுக்குத் தவிட்டுநீர் ஆகிய எதையும் வைப்பது சிக்கனம் ஆகாது. எத்தனை முறை கழுவினாலும் அது மறுபடி வீட்டு உபயோகத்துக்கு உரியதல்ல. இதைப் போலவே, மண்ணெண்ணெயையும் அமிலத்தையும் சோடாப் புட்டியிலும் குடிநீர்ப் புட்டியிலும் ஊற்றி வைக்கும் வழக்கமும் அடியோடு ஒழியவேண்டும். தாகத்துடன் ஓடிவரும் குழந்தை புட்டியின் உருவத்தைத்தான் அறியும். உள்ளே இருப்பதை அறியாது.

கொட்டுதல், எரித்தல், புதைத்தல்

மிஞ்சியதை வாய்க்காலிலோ குளத்திலோ கொட்டினால் மீன் சாகும், கால்நடை குடிக்கும், பாசன நீர் கெடும். கக்கூஸில் ஊற்றினாலும், அத்தொட்டியின் கசிவு நிலத்தடி நீரையே சேரும்.

எரித்தால் விஷம் புகையாக எழுந்து, எரிப்பவரின் மூச்சிலேயே முதலில் புகும். பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரியும்பொழுது அப்புகை இன்னும் கெடுதலாகிறது. அழுத்தத்துடன் அடைக்கப்பட்ட கொசுமருந்து டப்பாவோ நெருப்பில் வெடித்துவிடும்.

புதைப்பதைப்பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். மேற்படி 1971-ஆம் வருஷத்து விதிகளில் 44-ஆவது விதி, காலிக் கலன்களை மறுபடி உபயோகிக்க முடியாதபடி உடைத்து, குடியிருப்புகளுக்கு அப்பால் புதைக்கவேண்டும் என்றும், கழுவிய நீரால் நீர்நிலைகள் கெடலாகாது என்றும் கூறுகிறது. மேட்டு நிலத்தில் இதை நிறைவேற்றுவது சுலபம். கடைமடைக் கிராமத்திலோ ஊற்று மேலாக இருப்பதாலும், மழைக்காலத்தில் நீர் தேங்குவதாலும், வீட்டுக்கு வீடு கொல்லையில் குழி தோண்டுவது அந்த விதியின் நோக்கத்துக்கே விரோதமாகும். ஆகையால் புட்டியை முதலில் விஷமற்றதாக்கி, பிறகு உடைத்து, ஓரிடத்தில் சேர்ப்பதே இங்கே தகுந்த வழி.

மும்முறை அலசும் விதம்

பூச்சிமருந்தைத் தெளிப்பானில் ஊற்றிய உடனேயே, வயலோரத்தில், கையுறையுடன் இதைச் செய்யவேண்டும். தாமதித்தால் மருந்து உள்ளே காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

1. புட்டியைத் தெளிப்பானின் வாயில் கவிழ்த்து, சொட்டு நிற்கும்வரை அரை நிமிஷம் பிடிக்கவேண்டும்.

2. கால் பாகம் சுத்தமான நீர் விட்டு, மூடியை இறுக்கி, அரை நிமிஷம் நன்றாகக் குலுக்கவேண்டும்.

3. அந்த நீரைத் தரையில் ஊற்றாமல், தெளிப்பானிலேயே ஊற்றிவிடவேண்டும்.

4. இவ்வாறே இன்னும் இரண்டு முறை செய்யவேண்டும். மூடியையும் அலசவேண்டும்.

5. கடைசியில் புட்டியின் அடியிலும் பக்கத்திலும் துளையிட்டு, எதற்கும் உதவாதபடி செய்துவிடவேண்டும்.

இதன் பலனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் புட்டியில் 10 மில்லி மருந்து ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 240 மில்லி நீர் விட்டுக் குலுக்கி ஊற்றிய பிறகு, மறுபடியும் 10 மில்லி கலவை உள்ளே தங்கினால், அதிலுள்ள மருந்து 0.4 மில்லிதான். இரண்டாம் அலசலில் அது 0.016 மில்லியாகும். மூன்றாவதில் 0.00064 மில்லி, அதாவது ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே நீரை ஒரே தடவையாக ஊற்றி அலசினால் இந்தப் பலன் கிட்டாது. அலசிய நீரும் பயிருக்கே போவதால், காசு கொடுத்து வாங்கிய மருந்தில் ஒரு சொட்டும் வீணாவதில்லை. தண்ணீரில் கலந்து அடிக்கும் திரவ மருந்துகளுக்கு மாத்திரமே இம்முறை பொருந்தும்.

தெளிப்பானில் கலவை மிஞ்சினால், அதை அதே பயிரில் மருந்து படாத வரிசைகளுக்கு அடித்துத் தீர்க்கவேண்டும். வரப்பிலோ வாய்க்காலிலோ கவிழ்க்கக்கூடாது. தெளிப்பானைக் குளத்தில் இறக்கிக் கழுவுவதும் கூடாது.

மற்ற வஸ்துக்கள்

தடை செய்யப்பட்ட பழைய மருந்துகள்: டி.டி.டி.யை விவசாயத்துக்கு உபயோகிப்பது 1989-ல் தடுக்கப்பட்டது. எண்டோசல்பானை 2011-ல் சுப்ரீம் கோர்ட் தடுத்தது. திரவ மோனோகுரோட்டோபாஸுக்கு 2023-ல் தடையுத்தரவு பிறந்தது. பரணில் இவை கிடந்தால், தீர்த்துவிடலாமென்று வயலில் அடிக்கக்கூடாது, கொட்டவும் கூடாது. மூடியை இறுக்கி, சீட்டுடன், நிமிர்ந்தபடி ஒரு வாளியில் வைத்து, விவசாய இலாகா அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும்.

அலுமினியம் பாஸ்பைடு: இம்மாத்திரை ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்னும் கொடிய விஷவாயுவாக மாறுகிறது. காற்றின் ஈரமே அதற்குப் போதும். படுக்கும் அறையில் நெல் மூட்டைகளுக்கு இடையில் இதை வைப்பது உயிருக்கு அபாயம். இதன்மேல் நீர் ஊற்றி அழிக்க முயல்வதும் அபாயம். இது வீட்டில் இருக்கத்தகாத வஸ்து. அனுமதி பெற்றவர்களே கையாளத்தக்கது.

அமிலமும் பிளீச்சிங் பவுடரும்: இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-ஆம் வருஷம் ஏப்ரல் 22-ஆம் தேதி, மகா யுத்தத்தில் ஈப்ர் நகரத்தருகே சிப்பாய்களின் மேல் ஏவப்பட்டது இந்த வாயுவே. மிச்சங்களை ஒரே பாத்திரத்தில் சேர்த்து ஊற்றும் பழக்கத்தால், வீட்டுக் கக்கூஸிலேயே அது உண்டாகக்கூடும். எந்த இரண்டு மிச்சத்தையும் ஒன்றாகக் கலக்கலாகாது என்பதைப் பொது விதியாகக் கொள்ளவேண்டும். பிளீச்சிங் பவுடரை மண்ணெண்ணெய், எண்ணெய் முதலியவற்றின் அருகிலும் வைக்கக்கூடாது.

பாதரசம்: ஜ்வரமானி உடைந்து சிதறினால் துடைப்பத்தால் பெருக்கக்கூடாது, உருண்டைகள் இன்னும் சிறியனவாகிப் பரவும். குழந்தைகளை வெளியேற்றி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, இரண்டு தடித்த காகிதத் துண்டுகளால் உருட்டிச் சேர்த்து, இறுக்கமான மூடியுள்ள புட்டியில் அடைக்கவேண்டும். குழல்விளக்கு உடைந்தாலும், கால் மணி நேரம் அறையைக் காற்றோட்டமாக விட்ட பிறகே சில்லுகளைப் பொறுக்கவேண்டும்.

பாட்டரியும் எண்ணெயும்: டிராக்டர், இன்வெர்ட்டர் பாட்டரிகளில் ஈயமும் கந்தக அமிலமும் உள்ளன. அவற்றை வீட்டில் உடைத்து ஈயம் எடுப்பது குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் காரியம். புதிய பாட்டரி வாங்கும்பொழுது பழையதைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். இயந்திரத்தின் கழிவு எண்ணெயைத் தனி டின்னில் சேர்த்துப் பட்டறை மூலம் அப்புறப்படுத்தவேண்டும்.

மருந்து மாத்திரைகளும் ஊசிகளும்: காலாவதியானவற்றைப் பிறருக்குக் கொடுக்கலாகாது, குளத்திலும் எறியலாகாது. ஊசிகளைத் தடித்த புட்டியில் மூடிவைத்தால் குப்பை அள்ளுபவரின் கை தப்பும்.

பூட்டு மாத்திரம் போதுமா?

விஷத்தைப் பூட்டி வைத்தால் அபாயம் தீர்ந்தது என்று சிலர் எண்ணலாம். இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், 180 கிராமங்களைக்கொண்டு இது பரீட்சிக்கப்பட்டது. பாதிக் கிராமங்களில் வீடுதோறும் பூட்டுப்பெட்டி கொடுக்கப்பட்டது. 2017-ல் வெளியான முடிவு யாதெனில், பெட்டி கொடுத்த கிராமங்களில் விஷம் அருந்தும் துயரம் குறைந்ததாக அத்தாட்சி இல்லை என்பதே. ஆனால் அதே இலங்கையில், மோனோகுரோட்டோபாஸ் முதலிய கொடிய விஷங்கள் 1995-லும், எண்டோசல்பான் 1998-லும் தடுக்கப்பட்ட பிறகு, 2005-ஆம் வருஷத்துக்குள் தற்கொலை விகிதம் ஏறக்குறையப் பாதியாயிற்று. மனம் கலங்கிய ஒரு வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இருப்பதே பல உயிர்களைப் பறிக்கிறது என்பது இதனால் விளங்கும். பூட்டு நல்லது, வீட்டில் விஷமே இல்லாதிருப்பது அதனினும் நல்லது.

தமிழ்நாட்டில் காட்டுமன்னார்கோயில் பாகத்தில் வேறொரு முறை முயலப்பட்டது. சென்னையிலுள்ள சிநேகா என்னும் ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர்களும் மற்றோரும் நடத்திய இந்த முயற்சியின் விவரம் 2013-ல் வெளியாயிற்று. இரண்டு கிராமங்களில் பொதுவான ஒரு கட்டடம் கட்டி, பாங்கியில் உள்ளதைப்போலத் தனித்தனிப் பூட்டுப்பெட்டிகள் அமைத்து, குடியானவர்கள் தங்கள் பூச்சிமருந்தை அங்கேயே வைத்து எடுக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. பரீட்சை சிறியதே, ஆயினும் குடியானவர்கள் அதை ஏற்று உபயோகித்தார்கள். ஒரு குடும்பம் தனித்துச் செய்ய முடியாததை ஊர் கூடிச் செய்ய முடியும் என்பதற்கு இது நல்ல திருஷ்டாந்தம்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

வீட்டு அபாயக் கழிவுகளைத் தனியாகப் பிரித்து, அதற்கென்று ஏற்பட்ட இடத்தில் சேர்க்கவேண்டும் என்று 2016-ஆம் வருஷத்துத் திடக்கழிவு விதிகள் வகுத்தன. அவ்விதிகள் முக்கியமாகப் பட்டணங்களையும் அவற்றை ஒட்டிய ஊர்களையும் கருதி எழுதப்பட்டவை. கிராமத்தில் அந்த இடைவெளியை நிரப்பக் கூட்டுறவுச் சங்கத்தைவிடத் தகுந்த ஸ்தாபனம் இல்லை. கடன் கொடுப்பதும் உரமும் மருந்தும் வாங்கிக் கொடுப்பதும் சங்கத்தின் வேலையானால், மிஞ்சியதை ஒழிக்க உதவுவதும் சங்கத்தின் வேலையே.

முதலாவது, தேவைக்கு மேல் வாங்காதபடி செய்தல். அரை லிட்டர் போதுமான நிலத்துக்கு ஒரு லிட்டர் வாங்கினால், மிச்சம் பரணுக்குத்தான் போகும். பக்கத்து நிலத்துக்காரர் இருவர் ஒரு புட்டியைப் பகிர்ந்து அன்றைக்கே தீர்த்துவிடலாம். சீட்டில்லாத வேறு புட்டியில் பிரித்து ஊற்றி எடுத்துப்போவது மாத்திரம் கூடாது.

இரண்டாவது, கணக்கு. எந்த அங்கத்தினர் எத்தனை புட்டி வாங்கினார், எத்தனை காலிப் புட்டி திருப்பினார் என்று ஒரு நோட்டில் இரண்டு பத்திகள் போதும். திரும்பாத புட்டி எங்கோ ஒரு வீட்டில் எண்ணெய்ப் புட்டியாக மாறியிருக்கக்கூடும் என்று அந்த நோட்டு எச்சரிக்கும்.

மூன்றாவது, சேர்க்கும் இடம். கூரையும் சிமெண்டுத் தரையும் பூட்டும் உள்ள ஓர் அறை, குடியிருப்பு, கிணறு, பாடசாலை இவற்றுக்கு அப்பால் இருக்கவேண்டும். அலசித் துளையிட்ட புட்டிகளைச் சாக்கில் கட்டி அங்கே வைக்கலாம். வெள்ளம் புகாத உயரம் அவசியம். 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்ததை இப்பக்கத்தார் மறக்கமாட்டார்கள். அத்தகைய நாளில் தரையில் கிடக்கும் விஷப் புட்டி மிதந்து எந்த வீட்டு வாசலில் ஒதுங்கும் என்று எவராலும் கூற முடியாது.

நான்காவது, சேர்ந்ததை அப்புறப்படுத்துதல். கொம்யூன் பஞ்சாயத்துக்கும் விவசாய இலாகாவுக்கும் சங்கம் எழுத்துமூலம் தெரிவித்து, ஒவ்வொரு போகம் முடிந்ததும் எடுத்துச்செல்லும்படி கேட்கவேண்டும். ஒருவர் நேரில் போய்க் கேட்பதைவிட, சங்கத்தின் தீர்மானத்துக்கு அதிக மதிப்பு உண்டு. மருந்து விற்கும் கடைகளையும் காலிக் கலன்களைத் திரும்பப் பெறும்படி வற்புறுத்தலாம்.

விபத்து நேர்ந்தால்

மேலே பட்டால் உடையைக் களைந்து சோப்பும் ஏராளமான நீரும் கொண்டு கழுவவேண்டும். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் சுத்த நீரால் கழுவவேண்டும். விழுங்கினால் வாந்தி செய்விக்கக் கூடாது. உப்புநீர், பால், எண்ணெய் ஒன்றும் புகட்டக்கூடாது. அமிலமும் மண்ணெண்ணெயும் மேலே வரும்போது இரண்டாம் முறை கெடுதல் செய்யும். உடனே 108-க்குத் தெரிவித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். புட்டியையும் சீட்டையும் கூடவே எடுத்துச்செல்லவேண்டும். இன்ன விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் இன்ன மாற்று என்று தீர்மானிக்க முடியும். சீட்டைக் கிழிக்காமல் வைப்பதன் அவசியம் அப்பொழுதுதான் விளங்கும். விஷவாயு நிறைந்த அறைக்குள் உதவிக்கென்று எவரும் யோசியாமல் நுழையக்கூடாது.

மேலே கூறியவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணச்செலவு இல்லை. முக்கால் புட்டி நீரும், சில நிமிஷ நேரமும், ஓர் ஆணியும் போதும். சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பரணிலும், மாட்டுக்கொட்டகையிலும், மோட்டார்க் கொட்டகையிலும் உள்ள புட்டிகளை எண்ணி, அந்தத் தொகையைச் சொல்லட்டும். எண்ணிக்கை தெரிந்த கடனைத் தீர்க்க வழி உண்டு. எண்ணாமல் விட்ட கடனே வளரும். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் விஷமும் அவ்வகைக் கடனே. அதைத் தீர்க்காமல் விட்டால், செலுத்தவேண்டிய வட்டி குழந்தைகளின் உயிராக இருக்கும்.